அளக்காத சுவர்

பிஸ்மில்லாஹ் சொல்லாமல் நான் எந்தத் தாளையும் வரைபலகையில் ஒட்டியதில்லை. இதையும் அப்படியே சொல்லித் தொடங்குகிறேன்.

துறையில் ஆசிரியர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி துறைத் தலைவர் அம்மா கேட்டார். எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. நீங்கள் எல்லாரும் கட்டடக் கலையில் முதுகலை வரை படித்தவர்கள். நான் படித்தது ஐ.டி.ஐ.யில் வரைவாளர் படிப்பு. காட்பாடிப் பக்கம் இருக்கும் இந்தக் கல்லூரியில் ஸ்டுடியோ உதவியாளராகச் சேர்ந்தேன். அதே வேலையில் இருந்தே போன வருடம் ஓய்வு பெற்றேன். பிள்ளைகள் வரைந்து கொண்டு வரும் தாளைச் சரிபார்த்து, 'சரிபார்த்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடுவது என் வேலை. அவர்கள் என்னை 'பாய் சார்' என்று கூப்பிடுவார்கள். சிலபேர் 'பாய்' என்பார்கள், அவசரமாக இருந்தால் 'சார்' என்பார்கள்.

கோடு போடுவதைப் பற்றியோ அளவுகோலைப் பற்றியோ உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஆம்பூரில் ஒரு பழைய தெருவில் இருக்கிற வீடு. அந்த வீட்டுப் பெரியவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அதை அளக்கப் போய் நாங்கள் மாட்டிக்கொண்டதையும், அதிலிருந்து எப்படி வெளியே வந்தோம் என்பதையும் சொன்னால் போதும். அதில் நான் செய்தது ரொம்பக் கம்மி. உங்களுக்குச் சொல்ல நினைப்பதும் அதைத்தான்.

இரண்டாம் வருடத்தில் ஒரு பாடம் இருக்கிறது. ஒரு பழைய வீட்டைத் தேர்ந்தெடுத்து, மூலை முடுக்கெல்லாம் டேப் பிடித்து அளந்து, உள்ளது உள்ளபடி வரைய வேண்டும். ஆறு பேர் ஒரு குழு. குழுவுக்கு ஒரே மார்க். பரீட்சையன்று வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். நம் பிள்ளைகள் அதை ஜூரி என்பார்கள்.

நான் சொல்லும் குழுவில் இரண்டு பேரை நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஒருவன் சஞ்சய், சென்னைப் பையன். வாய் ஓயாது, ஆனால் வேலையில் சுறுசுறுப்பு. இன்னொருத்தி கோமதி, காவேரிப்பாக்கத்துப் பெண். அவள் அப்பா ஏரிப் பாசனத்தில் குத்தகைக்குப் பயிர் வைப்பவர். கோமதிக்கு ஏற்கெனவே இரண்டு பாடம் பாக்கி. மூன்றாவது ஒன்று விழுந்தால் கல்லூரி விதிப்படி மூன்றாம் வருடத்துக்குப் போக முடியாது, ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் திரும்பி வருவாளா என்பது அவளுக்கே சந்தேகம். அவள் பெரியப்பா, "வீடு கட்டறதுக்கு ஒரு பொண்ணு அஞ்சு வருஷம் படிக்கணுமா?" என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஆம்பூர் வீட்டுக்கு அனுமதி என் மூலமாகக் கிடைத்தது. தோல் வியாபாரம் செய்த ஒருவர் கட்டிய வீடு. அவருக்குப் பிறகு இரண்டு மகன்கள் நடுவில் தடுத்து, மேற்குப் பாதியில் அண்ணன் குடும்பமும் கிழக்குப் பாதியில் தம்பி குடும்பமும் இருக்கிறார்கள். அண்ணன் சில வருடங்களுக்கு முன் இறந்துவிட்டார். அவர் மனைவிதான் இப்போது மேற்குப் பாதிக்குப் பெரியவர். தெருவிலிருந்து பார்த்தால் ஒரே முகப்பு, ஒரே வரிசை வளைவுகள், கதவு மட்டும் இரண்டு.

பர்தா பார்க்கிற வீடு. ஆண் பிள்ளைகள் உள்ளே போக முடியாது. பெண் பிள்ளைகள் இரண்டு பாதிக்குள்ளும் போய் அறை அறையாக அளந்தார்கள். பையன்கள் தெருப் பக்கமும் பின் சந்துப் பக்கமும் நின்று வெளி அளவு எடுத்தார்கள். உள்ளே போனைக் கொண்டுபோகக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். அதனால் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஸ்டுடியோவுக்கு வந்து கூட்டிப் பார்த்தால் கணக்கு இடித்தது. உள்ளே இருக்கும் அறைகளையும் சுவர்களையும் சேர்த்துக் கூட்டினால், தெருப் பக்க அளவைவிட ஓரடிக்குக் கொஞ்சம் மேலேயே குறைந்தது. பின் சந்துப் பக்கமும் அதே குறை.

"பொண்ணுங்க டேப்பைத் தொங்க விட்டுட்டாங்க சார்" என்றான் சஞ்சய்.

"டேப் தொங்கினா அளவு ஜாஸ்தியாதான் வரும். எங்களுக்குக் கம்மியா வந்திருக்குது" என்றாள் கோமதி. "அறிவாளி, யோசிச்சுட்டுப் பேசு."

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். சஞ்சய் விடவில்லை. "அப்போ ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சுவரு தடியா இருக்குது. அந்தச் சுவத்துல கதவும் இல்ல, ஜன்னலும் இல்ல. தடிமன் இன்னான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தடியா போட்டு உள்ள சாய்கோடா ஹேட்ச் அடிச்சுடலாம்."

"வீடு பூரா ஒரே தடிமன், இது ஒண்ணு மட்டும் கோட்டைச் சுவரா?"

"ஆம்பூர்ல எல்லாமே கொஞ்சம் கொழுப்பு ஜாஸ்தி. பிரியாணியைப் பார்த்தே இல்ல?"

மறுபடியும் சிரிப்பு. கோமதி சிரிக்கவில்லை. "மாடியில நடுவுல நீளமா தகரம் போட்டிருந்தாங்க பாய் சார். மேல கல்லு வெச்சிருந்தாங்க. அதுக்கு அடியில இன்னா இருக்குதுன்னு நாங்க பார்க்கல" என்றாள். சஞ்சய் போனில் வரைபடத்தை எடுத்து, வானத்திலிருந்து தெரியும் கூரையைப் பெரிதாக்கிக் காட்டினான். இரண்டு பாதிக் கூரைகளுக்கும் நடுவே மெல்லிய சாம்பல் கோடு ஒன்று நேராக ஓடியது.

ஜூரி திங்கட்கிழமை. அன்று வெள்ளிக்கிழமை. வரப்போகிற தேர்வாளரைப் பற்றி முந்தின வருடப் பிள்ளைகள் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் அழகு பார்ப்பதில்லை. போனில் இருக்கும் கால்குலேட்டரைத் திறந்து, தாளில் எழுதியிருக்கும் அளவுகளைக் கூட்டிப் பார்ப்பார். இடித்தால் அந்தத் தாள் அவ்வளவுதான்.

"அப்போ பங்கு போட்டுடலாம் சார்" என்றான் சஞ்சய். "ஒவ்வொரு ரூமுக்கும் ரெண்டு இஞ்ச், ஒரு இஞ்ச்னு ஏத்திட்டா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப் போவுது?"

இந்த வித்தை எனக்குப் புதிதில்லை. இங்கே வருவதற்கு முன்னால் வேலூர் லாங் பஜாரில் ஒரு மாடி அறையில் படம் போட்டுக் கொடுக்கும் பெரியவர் ஒருவரிடம் வேலை பார்த்தேன். நகராட்சி அனுமதிக்குப் போகும் படங்கள் அங்கே ஜாஸ்தி. கணக்கு இடித்தால், "பங்கு போட்டு அடி" என்பார், டீயைக் கீழே வைக்காமலே. ஆனால் அதற்கு ஓர் எல்லை வைத்திருந்தார். "கட்டப்போற வீட்டுக்குப் பங்கு போடு, கொத்தனார் பார்த்துக்குவான். கட்டின வீட்டுக்குப் போடாதே. அது ஏற்கெனவே நிக்குது. நீ சொல்றதைக் கேக்காது." அவர் என்னைப் பாராட்டியதாக ஒரு நாள்கூட ஞாபகம் இல்லை. இந்த ஒரு பேச்சு மட்டும் எனக்குக் கடைசி வரை உதவியது.

அதை நான் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. "நாளைக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை காலை நானும் கோமதியும் சஞ்சயும் ஆம்பூருக்குப் பஸ் ஏறினோம். சஞ்சய் தெருமுனையில் நின்றுகொண்டான். கோமதி மேற்குப் பாதி வாசலுக்குள் போனாள். நான் கதவுக்கு வெளியே, திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். இந்த வீட்டில் நான் பார்த்ததெல்லாம் அந்தத் திரைதான். மீதி எல்லாம் காதால் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஆபா. காலேஜ்ல இருந்து வந்திருக்கோம்" என்று உருதுவில் சொன்னேன். ஆபா என்றால் அக்கா.

"வ அலைக்குமுஸ்ஸலாம். இன்னா பாய், அளந்தது போதலயா? இன்னொரு தடவ அளந்தா வீடு பெருசா ஆய்டுமா?"

அண்ணன் மனைவியின் குரலில் சிரிப்பு இருந்தது. எனக்கும் தைரியம் வந்தது. "ஒண்ணும் இல்ல ஆபா. மாடியில தகரம் இருக்குல்ல, அதை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பார்த்துட்டா..."

உள்ளே எங்கேயோ குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அதைத் தூக்க வேணாம்."

"கல்லை எடுத்தா நாங்களே திரும்ப வெச்சுடறோம் ஆபா."

"கல்லுக்காகச் சொல்லல பாய்."

அப்புறம் அந்த அம்மா உருதுவை விட்டுவிட்டுத் தமிழிலேயே பேசினார். கோமதிக்கும் புரிய வேண்டும் என்றுதான் அப்படிப் பேசினார் என்று நினைக்கிறேன். "உக்காரு பொண்ணு. நீதானே வரையப் போறே, நீயும் கேளு. எங்க மாமனார் போனதும் அண்ணன் தம்பிக்கு ஆவல. எங்க வூட்டுக்காரர் நடுவுல ஒரு சுவர் எழுப்பினாரு. அவரு தம்பி வந்து பார்த்துட்டு, 'உன் சுவத்துல நான் ஆணிகூட அடிக்க மாட்டேன்'னு சொல்ட்டு, அந்தப் பக்கம் தனியா இன்னொண்ணு எழுப்பினாரு. நடுவுல சந்து. பூனை பூந்தா திரும்ப வராது. மழைத் தண்ணி எறங்குதுன்னு தகரம் போட்டோம். அதுலயும் பாதித் தகரம் அவங்களுது, பாதி எங்களுது."

"இப்பவும் பேசிக்க மாட்டீங்களா ஆன்ட்டி?" என்றாள் கோமதி.

"பேசறோம். பெருநாளைக்கு ஷீர் குர்மா வரும், போவும். கொழந்தைங்க எடுத்துட்டு வருவாங்க. அந்தச் சந்தைப் பத்தி மட்டும் யாரும் வாய் தொறக்கறதில்ல." பிறகு என்னைக் கேட்டார். "பாய், இந்தப் படத்தை மாட்டுவீங்களா?"

"மாட்டுவோம் ஆபா. பரீட்சைக்கு மாட்டணும். அப்புறம் காலேஜ்ல பார்வைக்கும் வெப்பாங்க."

"நம்ம ஊரு ஆளுங்க வருவாங்களா?"

"வரலாம்."

"அவரு மவுத்தாய்ட்டாரு. மாடி கட்டினது அவரு. கெணத்தைத் தூர் வாரினது அவரு. இந்தத் தெருவுல எத்தினி பேருக்கு டேனரில வேலை வாங்கிக் குடுத்திருக்காரு, கேட்டுப் பாருங்க. நீங்க அவரோட கோவத்தை மட்டும் அளந்து எடுத்துட்டுப் போயி எல்லாரும் பாக்கற மாதிரி மாட்டப் போறீங்க."

"தகரத்தைத் தொட மாட்டோம் ஆபா" என்றேன். அது ஒன்றுதான் அப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. கோமதி வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தவள் அவள் மட்டும்தான். எப்படி இருந்தது என்று நானும் கேட்கவில்லை.

மதியத் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொன்னார்கள். சஞ்சயைப் பிரியாணி வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டுப் பள்ளிவாசலுக்குள் போனேன். கோமதி எதிரே இருந்த கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

சின்ன வயதிலிருந்து பள்ளிவாசலில் இரண்டு விஷயம் கேட்டு வளர்ந்தவன் நான். அடுத்தவர் மானத்தை மூடி வை என்பது ஒன்று. பொய்ச் சாட்சி சொல்லாதே என்பது இன்னொன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக வந்து நிற்கும் என்று அன்றுதான் பார்த்தேன். சுவரை ஒன்றாக வரைந்தால் பொய்ச் சாட்சி. இரண்டாக வரைந்தால் மானம் போகும். தொழுது முடித்துக் கை ஏந்தியபோது, 'யா அல்லாஹ், விடை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, நான் முந்திக்கொண்டு ஏதாவது சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்' என்றுதான் கேட்டேன்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம்மை மாதிரி ஆட்களுக்கு ஒரு அரிப்பு உண்டு. பிள்ளை திணறுகிறது என்று தெரிந்தால் கை தானாகப் பென்சிலைத் தேடும். வாய் தானாக, 'இப்படிச் செய்' என்று சொல்லிவிடும். சொன்னால் அந்த நிமிடம் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் அதற்குப் பிறகு அது நம் தாள் ஆகிவிடுகிறது. யாராவது கேள்வி கேட்டால் பிள்ளை நம் முகத்தைப் பார்க்கும்.

வெளியே வந்ததும் கோமதி கேட்டாள். "பாய் சார், ஒரே சுவரா போட்டா பொய். ரெண்டா போட்டா அவங்க தாங்க மாட்டாங்க. நான் இன்னா பண்ணட்டும்?"

"ஒரே சுவரா போட்டா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அளக்காம ரெண்டா போட்டாலும் போட மாட்டேன். இது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்."

"மீதி?"

"மீதி உன் ஷீட்டு."

அவளுக்குக் கோபம் வந்தது. "எனக்கு வருஷமே போய்டும் சார். தெரியும்ல?"

"தெரியும்மா."

அதற்குள் சஞ்சய் பொட்டலங்களோடு வந்துவிட்டான். "இன்னா, தகரத்துக்கு அடியில புதையலா?" என்றான். கோமதி, "அளக்க விடல" என்று மட்டும் சொன்னாள். பஸ் ஏறித் திரும்பினோம். பாலாற்றுப் பாலம் வந்தபோது அவள் தூங்குவது போலக் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் மேலோட்டமாகச் சொன்னேன், வீட்டையோ ஆளையோ சொல்லாமல். "அந்தப் பொண்ணுக்கு நீங்களே ஏதாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கும் அதே எண்ணம்தான்.

திங்கட்கிழமை காலை கோமதி தாளைக் கொண்டு வந்து என் மேஜையில் விரித்தாள். மேற்குப் பாதி முழுதும் இருந்தது. கிழக்குப் பாதி முழுதும் இருந்தது. அந்தந்தப் பாதியில் சுவரின் உள்முகம், அவர்கள் கண்ணால் பார்த்துக் கையால் தொட்ட முகம், ஒரு மெல்லிய கோடாக இருந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. ஹேட்ச் இல்லை, அளவு இல்லை. வீட்டின் முன்னாலிருந்து பின்னால் வரை வெள்ளையாக ஒரு பட்டை. அதன் ஓரத்தில் சின்ன எழுத்தில், 'அளக்க அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தாள். தெருப் பக்க மொத்த அளவை மாற்றாமல் அப்படியே போட்டிருந்தாள்.

அதைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் நின்றேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

சஞ்சய் பார்த்துவிட்டுக் கத்தினான். "இன்னாடி இது? நடுவுல வாய்க்கால் வெட்டினா மாதிரி! கூட்டிப் பார்ப்பாருன்னு தெரியும்ல? அப்படி இன்னாதான் ரகசியம்?"

"சொல்ல முடியாது."

"உனக்குத்தாண்டி வருஷம் போவுது. எனக்கு இல்ல."

"எனக்குத் தெரியாதா?"

அவன் தலையில் அடித்துக்கொண்டு போய், எல்லாத் தாளையும் நேராக மாட்ட ஆரம்பித்தான்.

தேர்வாளர் பெங்களூரு ரயிலில் வந்தவர். மாலையில் காட்பாடியிலிருந்து அதே பக்கம் ரயில் பிடிக்க வேண்டும். வேகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடுமையானவர் இல்லை, கறாரானவர். கோமதியின் தாள் முன்னால் நின்றதும் போனை எடுத்துக் கூட்டினார்.

"வரலையே. இது என்ன நடுவுல?"

"அளக்கல சார்" என்றாள் கோமதி.

"ஏன்?"

"அந்த வீட்டுல அனுமதி குடுக்கல சார்."

"நடுவுல இருக்கிறது சுவர்தானே? இந்தப் பக்கம் முகம் இருக்கு, அந்தப் பக்கம் முகம் இருக்கு. மொத்தத்திலிருந்து கழிச்சா தடிமன் வந்துடப் போகுது. இதுக்கு எதுக்கு அனுமதி?" சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். வெள்ளைப் பட்டையின் மேல் முனையில் பென்சிலை வைத்துச் சாய்வாக முதல் கோட்டை இழுக்கப் போனார்.

"சார், வேணாம் சார்."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீ அளக்கலை. நான் வரைஞ்சா உனக்கு என்ன?"

"அளக்காததை யாரும் வரையக் கூடாது சார்."

"யாரும்னா? நானுமா?"

கோமதி தாளின் பக்கம் ஒரு அடி நகர்ந்து நின்றாள். "ஆமா சார்."

மற்ற குழுப் பிள்ளைகள் வரைபலகைகளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அப்போது சஞ்சய் முன்னால் வந்தான். காரணம் ஒன்றும் தெரியாதவன் அவன். காலையில் கத்தியவனும் அவன்தான். "சார், அது அவங்க வீடு. அவங்க விட்ட வரைக்கும்தான் சார் நம்ம டேப் போவும்" என்றான்.

தேர்வாளர் பென்சிலை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. என் கையெழுத்தைப் பார்த்தார். "செக் பண்ணினது யாரு? நீங்களா? அங்கே என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொன்னால் பொய். ஒரு வார்த்தையில் விஷயத்தைச் சொல்லியிருந்தால், அந்தக் குழுவுக்கு அன்றைக்கு முதல் மார்க் கிடைத்திருக்கலாம். ஒரு வீட்டுக்குள் இரண்டு சுவரைக் கண்டுபிடித்த பிள்ளைகள் என்று பேர் வந்திருக்கும். இதெல்லாம் என் மனதில் ஓடியது. கோமதி என் பக்கம் திரும்பவே இல்லை. தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும் சார்" என்றேன்.

"சொல்லுங்க."

"அளந்து தெரிஞ்சது இல்ல சார். வீட்டுக்காரங்க சொல்லித் தெரிஞ்சது. சொன்னவங்களுக்கே அது படத்துல வர்றது இஷ்டமில்ல."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார், அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பென்சிலைத் தாளிலிருந்து எடுத்துப் பைக்குள் சொருகிக்கொண்டார். "சரி. அப்போ மார்க்கும் அளந்த வரைக்கும்தான்" என்றார்.

அப்படியே செய்தார். வகுப்பிலேயே குறைந்த மார்க் அந்தக் குழுவுக்கு. தேர்ச்சிக்கு வேண்டியதைத் தொட்டு நின்றது. சஞ்சய் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். கோமதி மூன்றாம் வருடத்துக்குப் போனாள். தேர்வாளர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையாக இருந்த தாளுக்குக் குறைவாகப் போட்டார், அவ்வளவுதான். அந்தத் தாளின் மேல் முனையில் சிவப்பாக ஒரு புள்ளி மட்டும் நின்றுவிட்டது.

அளந்த வீட்டுக்குப் படத்தின் பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்பது நம் துறையில் வழக்கம். விடுமுறை முடிந்ததும் நானும் கோமதியும் அந்தத் தெருவுக்குப் போனோம். அவள் திரைக்குள்ளே, நான் வெளியே. தாள் விரியும் சத்தம் கேட்டது.

"இது இன்னா பொண்ணு?"

"இது உங்க வாசக்கதவு ஆன்ட்டி. இப்படியே வந்தா ஹாலு. இது மாடிப்படி. இது சமையல்கட்டு."

"என் சமையல்கட்டு இவ்ளோ சின்னதா?" என்று சிரித்தார். "சரி, இந்தப் பக்கம் இருக்கிறது?"

"அது பக்கத்து வீடு ஆன்ட்டி. அவங்க ஹாலு. இது அவங்க சமையல்கட்டு."

"இதுவா? முன்ன அங்க நெல்லு மூட்டை போடற ரூமு இருந்துச்சு."

"இப்போ சமையல்கட்டுதான். உங்க அடுப்புக்கு நேர் பின்னாடி அவங்க அடுப்பு."

"குக்கர் விசில் கேக்கும்" என்றார் அந்த அம்மா. "தெருவுல எந்த வீடோன்னு நெனச்சுட்டிருந்தேன்." அப்புறம், "வெள்ளையா விட்டது அதுதானே?"

"ஆமா ஆன்ட்டி."

தாளின் மேல் விரலோ நகமோ உரசுவது போல ஒரு சத்தம் வந்தது. எங்கே தொட்டார் என்று எனக்குத் தெரியாது.

"பாய்."

"சொல்லுங்க ஆபா."

"இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

இல்லை. அனுமதி கேட்டு எழுதின மனுவில் 'ஒரு வீடு' என்று எழுதியிருந்தோம். அதனால் ஒரு பிரதிதான் எடுத்திருந்தோம். இரண்டு கதவைத் தட்டி அனுமதி வாங்கிய ஆள் நான். இரண்டு பிரதி வேண்டும் என்று எனக்கே தோன்றவில்லை. "அடுத்த வாரம் கொண்டு வர்றோம் ஆபா" என்றேன்.

அடுத்த வாரம் எனக்குப் போக முடியவில்லை. கோமதிதான் போய் வந்தாள். "எந்தக் கதவுல குடுத்தேம்மா?" என்று கேட்டேன்.

"ஆன்ட்டி கையிலதான் சார். அவங்களே குடுத்துக்கறேன்னு சொன்னாங்க."

கொடுத்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. அது அவர்கள் வீடு.

அதற்குப் பிறகு எந்த வீட்டை அளந்தாலும் ஒரு பிரதி கூடுதலாக எடுத்து வைப்பேன். பிரதி எடுக்கும் அறையில் இருக்கும் தம்பி, "இது யாருக்கு பாய்?" என்பான். "இருக்கட்டும்பா" என்பேன். நான் இப்போது அங்கே இல்லை. அந்தப் பழக்கத்தை மட்டும் நீங்கள் விட்டுவிடாதீர்கள்.